மிரளாத குதிரை

பாதுஷா கால் தவறி விழவில்லை. நடந்து போய் விழுந்தது.

பாதுஷா ஒரு குதிரை. அதன் கழுத்தில் கட்டியிருந்த பட்டை, விழுந்த நொடி வரைக்கும் அதன் பயத்தை அளந்து எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கு மூன்று. லாயத்தில் நின்று கொள்ளு தின்னும் குதிரைக்கே ஏழு, எட்டு இருக்கும். முந்நூறடிப் பள்ளத்தின் விளிம்பில் முன்னங்காலை வெறும் காற்றில் வைத்த குதிரைக்கு மூன்று.

அந்தப் பட்டையை வடிவமைத்தவள் நான்.

"சுகந்தி, ஒருநாள் போய் அந்தப் பாதையில நடந்து பார்த்துட்டு வாங்க," என்றார் என் மேலதிகாரி ரகோத்தமன். "மூடுபனி. உடைஞ்ச வேலி. குதிரைக்காரர் கயிறை விட்டுட்டார். மூணும் நடந்ததுதானே? அதை அப்படியே எழுதிக் கொடுத்தா போதும்."

"பயம் மூணுன்னு காட்டுதே சார்?"

"கருவி கோளாறா இருக்கலாம் இல்லையா?"

அவர் எதையும் கேள்வியாகத்தான் சொல்வார். பதில் சொல்லும் பொறுப்பு நம்முடையதாகிவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து மலையேறும்போது வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். இரண்டு முறையும் இறங்கி நின்றுவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்ப ஏறிக்கொண்டேன். டிரைவர் வாந்தியா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பழனி மலையில் அந்தப் பாதைக்குக் கூட்டுப்பாதை என்று பெயர். பதினோரு கிலோமீட்டர். பைன் மரங்களுக்குள் தொடங்கி, சோலைக்காட்டைச் சுற்றி, பாறை விளிம்பை ஒட்டிப் போய்த் திரும்பவும் காட்டுக்குள் நுழைகிறது. அகலம் எட்டடி. அந்த எட்டடியில்தான் நடப்பவர்கள், குதிரைகள், மலைச் சைக்கிள்கள் எல்லாரும் போக வேண்டும். குதிரைகள் மட்டும் இருபத்து மூன்று.

காலை ஏழு மணிக்குக் கிழக்கு வாசலில் ஒருவர் செம்பழுப்பு நிறப் பெண்குதிரையோடு நின்றிருந்தார். ஐம்பது வயது. கம்பளித் தொப்பி. வலது உள்ளங்கையில் துணிக்கட்டு.

"பட்டை மேடம் நீங்கதானே?" என்றார். "நான் பீர்முகமது. கீழ விழுந்தது என் குதிரை. இவ ரோஸி. இனிமே இவ மட்டும்தான்."

"வணக்கம் பாய்."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குதிரைக்காரங்க சங்கத்து சார்பா உங்களுக்குச் சால்வை போட்டது நான்தான். ஞாபகம் இருக்குங்களா?"

முகம் ஞாபகமில்லை. சால்வை ஞாபகம் இருந்தது. அப்போது ஒரு வளைவில் சத்தமில்லாமல் இறங்கிய சைக்கிளைப் பார்த்து ஒரு குதிரை மிரண்டு உதைத்து, ஓட்டியவருக்குத் தாடை உடைந்திருந்தது. குதிரைகளை வெளியேற்றிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அந்த நேரத்தில்தான் நாங்கள் பட்டையோடு போனோம். காதுக்குக் கீழே ஓடும் நரம்பில் மெல்லிய துடிப்பு கொடுத்தால் மிரட்சி அடங்கும். ஒரே வாரத்தில் குதிரைகள் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

நடக்க ஆரம்பித்தோம். அவர் முன்னால், ரோஸி நடுவில், நான் பின்னால். பைன் சருகு ஈரமாக இருந்தது. எதிரே ஒரு குடும்பம் இஞ்சி டீ வாசனையோடு கடந்து போனது. இடைவெளி கிடைத்த இடங்களில் எல்லாம் கீழே சமவெளி தெரிந்தது. வெயில் பட்டு வைகை அணை மின்னியது. நல்ல காட்சி. என்னால் இரண்டு விநாடிக்கு மேல் எதையும் பார்க்க முடியவில்லை.

முதல் சைக்கிள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் துள்ளிப் புதருக்குள் விழப் பார்த்தேன். அடுத்தது வளைவில். அதற்கும் அடுத்தது ஒரு கல்லைத் தெறிக்கவிட்டுப் போனது. கல் ரோஸியின் தொடையில் பட்டது. ரோஸி காதைக்கூட அசைக்கவில்லை.

"நீங்கதான் மேடம் மிரளுறீங்க," என்றார் பீர்முகமது. சிரிப்பு வரவில்லை, அவருக்கும்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்று நிமிடத்துக்கு ஒரு சைக்கிள். சில சமயம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. எட்டாவது கிலோமீட்டர் வருவதற்குள் என் கழுத்து விறைத்துப் போயிருந்தது.

அங்கே பாதை பாறை விளிம்பை ஒட்டிப் போகிறது. வேலிக்குப் புதுக் கம்பி போட்டிருந்தார்கள்.

"என்ன நடந்தது பாய்? போலீஸ்ல சொன்னது வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க."

"அங்கயும் நடந்ததைத்தான் சொன்னேன். அவங்க எழுதிக்கல." ரோஸியின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "நல்ல பனி. மதுரையிலேர்ந்து ஒரு டீச்சரம்மா, திலகவதின்னு பேரு, காலேஜ்ல பாடம் எடுக்குறவங்க, பாதுஷா மேல இருந்தாங்க. நான் கயிறைப் பிடிச்சு முன்னால நடந்தேன். மேலேர்ந்து நாலு சைக்கிள் ஒண்ணா இறங்குச்சு. நான் ஓரம் ஒதுங்கினேன். பாதுஷாவும் ஒதுங்குச்சு. நான் நின்னுட்டேன். அது நிக்கல. இன்னும் ஒதுங்குச்சு. வேலி சாஞ்சு கெடந்துச்சு."

"கயிறு?"

அவர் உள்ளங்கைக் கட்டைப் பிரித்துக் காட்டினார். விரல்களின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து, கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. கயிற்றை விட்டவர் கையில் இப்படி ஒரு காயம் வராது.

"டீச்சரம்மா பத்தடி கீழ ஒரு பாறைத்திட்டுல விழுந்து தப்பிச்சாங்க. இடுப்பெலும்பு போச்சு. பாதுஷா நேரா கீழ. ஒண்ணு மட்டும் சொல்றேன் மேடம். அது பார்த்துச்சு. காதை முன்னால நீட்டிப் பள்ளத்தைப் பார்த்துச்சு. பார்த்துட்டுத்தான் காலை வெச்சுச்சு. பன்னண்டு வருஷமா குதிரையோட இருக்கேன், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்ல. ஏன் மேடம்?"

ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தேன்.

"பட்டை தானா கத்துக்கும் பாய். குதிரை ஒரு தடவை மிரண்டா, மருந்தைக் கூட்டுற மாதிரி துடிப்பை ஒரு படி கூட்டும். பாதையில பத்து நிமிஷம் ஒரு சைக்கிளும் வராம அமைதியா இருந்தா ஒரு படி குறைச்சுக்கும். அப்படித்தான் செஞ்சேன்."

"இங்க எங்க இருக்கு பத்து நிமிஷம்?"

"இல்லதான். நாங்க சோதிச்ச பண்ணையில அரைமணிக்கு ஒரு சைக்கிள் விட்டோம்."

"அப்ப ரெண்டு வருஷமா ஏறிக்கிட்டே இருந்திருக்கு."

"ஆமா. இவ்வளவுக்கு மேல ஏறக்கூடாதுன்னு முதல்ல ஒரு உச்சவரம்பு வெச்சிருந்தேன். குதிரை இன்னும் லேசா மிரளுதுன்னு புகார் வந்துச்சு. வரம்பை எடுத்துடலாமான்னு ஆபீஸ்ல கேட்டாங்க." வேலியின் புதுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எடுத்துடலாம்னு கையெழுத்துப் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அஞ்சு நிமிஷம்கூட யோசிக்கல."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ரோஸியின் கழுத்தில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு இப்ப எவ்வளவு?"

கைபேசியைப் பார்த்தேன். "மூணு."

"அணைங்க மேடம்."

"பாய், பட்டை இல்லாம பாதையில நிக்கவே கூடாதுன்னு விதி இருக்கு. உங்க அனுமதியை ரத்து பண்ணிடுவாங்க. இவ ஓட ஆரம்பிச்சா..."

"நேத்து மத்தியானம் இவளும் விளிம்புக்குப் போனா. நான் முன்னால போய் நின்னு நெஞ்சால தள்ளினேன். தெனமும் தள்ள முடியாது. அணைங்க."

பாதையை விட்டு விலகி இருநூறடி உள்ளே, மூன்று பக்கமும் சோலை சூழ்ந்த ஒரு புல்வெளிக்குக் கூட்டிப்போனார். சேணத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். கடிவாளத்தையும் கழற்றினார். கழுத்துக்கயிறு மட்டும் கையில். எனக்கு இன்னொரு அதிகாரமும் இருந்தது. பட்டைகளின் அவசரப் பொத்தானை அழுத்தினால் இரண்டு வாசல்களிலும் சிவப்பு விளக்கு எரிந்து சைக்கிள்கள் நின்றுவிடும். அதை அழுத்தினேன். பிறகு ரோஸியின் பட்டையில் துடிப்பை மட்டும் அணைத்தேன்; பயத்தை அளப்பது ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கைபேசியில் மூன்று. மூன்று. பிறகு ஒன்பது.

ரோஸி தலையைத் தூக்கியது. யாரோ கூப்பிட்ட மாதிரி இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்பின. முப்பத்தொன்று. விலாவில் தோல் அலையலையாக நடுங்கியது. சோலைக்குள் ஒரு பறவை சடசடத்தது. அறுபத்து நான்கு. கண்ணின் வெள்ளை தெரிந்தது. என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனது. மரங்களைப் பார்த்தது. தன் நிழலைப் பார்த்தது. உடம்பு முழுக்க வியர்வை பூத்து, அந்தக் குளிரில் ஆவி எழுந்தது.

"ரோஸிம்மா," என்று பீர்முகமது மெல்லக் கூப்பிட்டார். "ஒண்ணுமில்லடா. நான்தான். நான் இருக்கேன்ல."

கையை நீட்டிக்கொண்டு அதன் பக்கம் போனார்.

தொண்ணூற்றேழு.

அது கத்தியதை நான் மறக்கமாட்டேன். முன்னங்கால்களைத் தூக்கி எழுந்தது. கயிறு அவரை இழுத்துக் குப்புறத் தள்ளியது. புல்வெளியின் மறுகோடிக்கு ஓடி, மரங்களுக்குள் புக வழியில்லாமல் திரும்பி, அங்கேயே நின்று நடுங்கியது. சற்றுத் தள்ளி நின்ற என்னை அது பார்க்கவே இல்லை. அவரை மட்டும் பார்த்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்காலில் மண். திரும்ப ஒருமுறை "ரோஸி" என்றார். அந்தச் சத்தத்துக்கே அது உடம்பைச் சுருக்கியது. அப்புறம் அவர் கூப்பிடவில்லை.

"எல்லாத்துக்கும் மிரளுது பாய். ரெண்டு வருஷம் அடங்கிக் கெடந்தது இல்லையா..."

"இல்ல மேடம். உங்களைப் பார்த்து ரெண்டடி போனா. என்னைப் பார்த்து அவ்வளவு தூரம் போறா." பிறகு, புல்லைப் பிய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"முன்னாடியெல்லாம் நடக்க மாட்டேன்னு நின்னான்னா, கையை ஓங்குவேன். ஓங்கினாலே விலகி நடந்துடுவா. அடிக்க வேண்டியதே இல்ல. பட்டை போட்டப்புறம் ஓங்கினாலும் நிப்பா. சும்மா நின்னு பார்ப்பா. ஓங்கின கை என்ன பண்ணும்? எறங்கிடும். மொதல்ல ஒரு நாள் எறங்குச்சு. அப்புறம் தெனமும் எறங்குச்சு. அப்புறம் கையில ரப்பர் பைப் வந்துச்சு. அவ ஒண்ணும் சொல்லல. வலிக்கலபோலன்னு நெனச்சேன்."

"பட்டை வலியைக் குறைக்காது பாய்," என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அது தெரியாமல் அவர் இருப்பதும் சரியாகப் படவில்லை.

"தெரியுது," என்றார். "இப்பத் தெரியுது."

கைபேசி அடித்தது. ரகோத்தமன்.

"சுகந்தி, ரெண்டு வாசல்லயும் நூறு சைக்கிள் நிக்குதாமே? என்ன பண்றீங்க அங்க?"

"சோதனை சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

ரோஸியைப் பார்த்தேன். "தெரியல சார்."

"பட்டையைத் திருப்பிப் போட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடாதா?"

முடிந்துவிடும். அதுதான் கஷ்டமாக இருந்தது. என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது அந்தப் பொத்தான். தொட்டால் அந்தக் கண்கள் அடங்கும். தலை தாழும். அவர் நடந்து போய்க் கயிற்றை எடுத்துக்கொள்ளலாம். பீர்முகமதுவும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடாதீங்க மேடம்," என்றார். பிறகு ஒரு மாதிரிக் குரலில், "எனக்கு ஒண்ணு கிடைக்குமா அந்தப் பட்டை?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காத்திருந்தோம். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. என்னால் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தால் ரோஸி நடுங்கியது. அதனால் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். ரகோத்தமன் ஆறு முறை அழைத்தார். ஏழாவது முறை எடுக்கவில்லை. பாதையில் ஒரு சத்தமும் இல்லை. எண் தொண்ணூற்றிலிருந்து எழுபதுக்கு வந்தது. எழுபதிலேயே நெடுநேரம் நின்றது. இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

பீர்முகமது எழுந்து, ரோஸியின் பக்கம் திரும்பாமல், சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையை நோக்கி நடந்தார். "வாங்க மேடம். திரும்பிப் பார்க்காதீங்க."

மூன்று கிலோமீட்டர் நடந்தோம். சேணத்தின் எடையில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மேற்கு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் மழை விட்டபோது, பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. நாங்கள் நின்றோம். அதுவும் நின்றது. நடந்தோம். அதுவும் நடந்தது. நாற்பதடி இடைவெளியை அது வீடு வரைக்கும் குறைக்கவே இல்லை.

அறிக்கையை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. எண்களைப் போட்டேன். பண்ணைச் சோதனை எவ்வளவு போதாதது என்று எழுதினேன். பீர்முகமதுவின் உள்ளங்கையைப் படம் எடுத்து வைத்தேன். உச்சவரம்பை நீக்கிய ஆணையில் என் கையெழுத்து இருப்பதையும் முதல் பக்கத்திலேயே சொன்னேன். ரகோத்தமனுக்கு மட்டும் அல்லாமல் விசாரணை அதிகாரிக்கும் நேரடியாக அனுப்பினேன். ரப்பர் பைப் பற்றி எழுதவில்லை.

எனக்கு வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. ரகோத்தமன் கூப்பிட்டுப் பாராட்டினார். பீர்முகமது மேல் போட்ட வழக்கைக் கைவிட்டார்கள். திலகவதி டீச்சரின் சிகிச்சையை நிறுவனமே ஏற்றுக்கொண்டது. கூட்டுப்பாதையில் எல்லாப் பட்டைகளுக்கும் உச்சவரம்பு திரும்ப வந்தது. அறிக்கையில் நான் கேட்ட அதே அளவு.

"இனி குதிரைங்க கொஞ்சம் மிரளும் இல்லையா?" என்றார் ரகோத்தமன்.

"மிரளணும் சார்."

"மிரளுற குதிரையும் சைக்கிளும் ஒரே பாதையில போகலாமா?"

அப்போதுதான் புரிந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமையே ஆணை வந்தது. குதிரைகளின் நலனைக் கருதி, கூட்டுப்பாதையில் குதிரைகளுக்கு இனி அனுமதி இல்லை. அடிப்படை ஆதாரம் என்று என் அறிக்கையின் பக்க எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

ஆறு மாதம் நான் மலைப்பக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கடைசியில் மார்கழியில் ஒருநாள் பஸ் ஏறினேன்.

கிழக்கு வாசலில் சைக்கிள் வாடகைக் கடை பெரிதாகியிருந்தது. பீர்முகமது அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சட்டையில் கடையின் பெயர் போட்டிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டுப் பக்கம் நடந்தோம். வழியில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். அவரைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போனார்கள்.

"சங்கத்து ஆளுங்க," என்றார். "என்கூட பேசுறதில்ல. கேஸிலேர்ந்து தப்பிக்க நான்தான் உங்களைக் கூட்டிட்டு வந்து பாதையை மூட வெச்சேன்னு பேச்சு."

"மத்த குதிரைங்க எங்க பாய்?"

"கல்யாணத்துக்குப் போகுதுங்க. கீழ திண்டுக்கல், திருச்சி. மாப்பிள்ளை ஊர்வலம். பேண்டு, அதிர்வேட்டு, டிரோன், எல்லாத்துக்கும் நடுவுல பொம்மை மாதிரி நிக்குதாம். நல்ல கிராக்கி."

"பட்டை?"

"அதேதான். உச்சவரம்பு இந்தப் பாதைக்கு மட்டும்தானாமே? கீழ எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்கலாமாம். உங்க கம்பெனி ஆள் வந்து வீடு வீடாச் சொல்லிட்டுப் போனாரு. என் வீட்டுக்கும் வந்தாரு."

எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லவில்லை. ஆனால் நானும் கேட்கவில்லை. உச்சவரம்பு எங்கெங்கே என்று ஆணையைப் படித்துப் பார்த்திருக்கலாம். என் அளவை ஒப்புக்கொண்டார்கள் என்ற நிம்மதியில் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரோஸி யாரையும் ஏத்திக்க மாட்டா, வேற ஆளைப் பாருங்கன்னேன்." கொஞ்ச தூரம் போனதும் நின்றார். "மேடம், உங்களுக்கு நன்றி சொல்லணும்னு எனக்குத் தெரியுது. கோர்ட்டு வாசல் மிதிக்காம காப்பாத்தினீங்க. ஆனா வாய் வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

"அதுக்கு நான் வரல பாய்."

"வேற எதுக்கு வந்தீங்க?"

அவர் வீட்டு முன்னால் வந்துவிட்டோம். தகரக் கூரை. பின்பக்கம் சரிவில் கம்பி வேலி போட்ட ஒரு துண்டு நிலம் இருக்க வேண்டும். இங்கிருந்து தெரியவில்லை.

"ரோஸியை ஒருதடவை பார்க்கலாமா?" என்றேன்.

அவர் யோசித்தார். மறுக்கச் சங்கடப்படுகிறார் என்பது தெரிந்தது.

"வேணாம் மேடம். இப்பத்தான் என் கையிலேர்ந்து கொள்ளு வாங்குறா. அதுவும் எல்லா நாளும் இல்ல. புது ஆளைப் பார்த்தான்னா..."

அவர் முடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் திடீரென்று குளம்புகள் ஓடும் சத்தம் கேட்டது. வேலிக் கம்பி அதிர்ந்து அடங்கியது. மூச்சை உதறும் சத்தம். அது மிரண்டது என் குரலுக்கா, என் வாடைக்கா தெரியவில்லை.

பீர்முகமது செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். வெறுங்காலோடு, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி மெல்லப் பின்பக்கம் போனார்.

நான் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். பிறகு காலடிச் சத்தம் கேட்காதபடி நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.